கவசம் மருந்தையும் தடுக்கலாமா?

பலசாலி ஒருவருக்கு எவ்வளவு பாதுகாப்புக் கொடுக்கலாம்? குறைவாகக் கொடுத்தால், படிப்படியாக உழைத்து உயர்ந்தவர் ஒரே அடியில் வீழ்ந்துவிடுவார். கூடுதலாகக் கொடுத்தால், அவரை எதிர்ப்பவர்களின் முயற்சிக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். இது அரசியல் பாடத்து வினாவைப் போலத் தோன்றலாம். ஆனால் நான் இதைச் சந்தித்தது ஒரு மேசை விளையாட்டின் விதிப்புத்தகங்களில். அவ்விதிகளை எழுதியவர்கள் இதே வினாவுக்குப் பல தடவைகள் விடை எழுதி, அழித்து, மீண்டும் எழுதியிருக்கிறார்கள். அந்த விடைகளை இணைந்த கணிதம் கற்கும் ஒரு மாணவியின் கண்ணால் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அந்த விளையாட்டின் பெயர் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் உருவாக்கிய இது 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. இதில் பலகையோ காய்களோ கட்டாயமில்லை. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒவ்வொருவரும் போர்வீரர், மந்திரவாதி, துறவி என ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்பார்கள். ஒருவர் மட்டும் கதை நடத்துநராக இருந்து, "முன்னே ஒரு குகை தெரிகிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்பார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்பதைச் சொல்வார்கள். அது வெற்றியளிக்குமா என்பது சந்தேகமாக இருக்கும் இடத்தில் மட்டும் தாயக்கட்டை உருளும். பந்தயமும் இல்லை, பணமும் இல்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு கதையைச் சொல்வதே விளையாட்டு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

'மந்திரம்', 'தாயக்கட்டை' என்ற இரண்டு சொற்களையும் கண்டவுடன் எமது பெற்றோரின் புருவம் உயரும். அது நியாயமானதே. சிஹ்ர் எனும் சூனியம் மார்க்கத்தில் பெரும்பாவம். இவ்விளையாட்டில் 'மந்திரம்' என்பது யாரும் ஓதுவதோ செய்வதோ அல்ல. விதிப்புத்தகத்தில் உள்ள ஒரு சொல்லும் அதற்குரிய சில எண்களும் மாத்திரமே. தாயக்கட்டையைப் பொறுத்தவரை, 'நர்த்' எனும் பகடை ஆட்டத்தைக் கண்டிக்கும் ஹதீஸ் இருக்கிறது. பணமில்லாத ஆட்டத்திலும் பகடை கூடாது என்று சொல்லும் உலமாக்கள் பலர். ஆகவே விளையாடுவதா இல்லையா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தமது ஆலிம்களிடம் கேட்டுத் தீர்மானிக்கட்டும். இக்கட்டுரையைப் படிக்க ஆட்டம் தேவையில்லை. பென்சிலும் ஒரு தாளும் போதும். கோடாத தாயக்கட்டை எமது கணிதப் பாடநூலில் நெடுநாளாகவே இருக்கிறது. இங்கு அதற்கு 6 முகங்களுக்குப் பதிலாக 20 முகங்கள். ஒழுங்கான திண்மங்களில் ஒன்றான இருபதுமுகியே அது. ஒவ்வொரு முகமும் மேலே வருவதற்கான நிகழ்தகவு 1/20, அதாவது 5%. இந்த 5% என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் அது எம்முடன் வரும்.

இரண்டு வாயில்கள்

பாத்திரங்கள் 1ஆம் மட்டத்தில் தொடங்கி, அனுபவம் சேரச் சேர உயர்கின்றன. 20ஆம் மட்டம் உச்சம் எனக் கொள்வோம். மட்டம் உயர உயர எதிரிகளின் மந்திரங்களும் கொடியவையாகின்றன. ஆரம்பத்தில் ஒரு தீப்பொறியைக் கண்டு அஞ்சிய வீரர், பின்னர் தம்மைக் கல்லாக்கும், தம் மனதையே பறித்துத் தம் தோழர்கள் மீது ஏவிவிடும் மந்திரங்களைச் சந்திக்கிறார். வாள் வீச்சால் உடல் பலம் சிறிது சிறிதாகக் குறையும். மந்திரமோ சில வேளைகளில் ஒரே தடவையில் கதையை முடித்துவிடும். அதனால்தான் உயர்மட்டப் பாத்திரங்களுக்கு மந்திரத்திலிருந்து பாதுகாப்பு என்பது அலங்காரமன்று, உயிர்ப் பிரச்சினை.

இப்பாதுகாப்பு இரண்டு வாயில்களில் நிற்கிறது. உள்வாயில், எல்லோருக்கும் உள்ள 'காப்பு எறிதல்'. மந்திரம் வந்து தாக்கும்போது, தாக்கப்பட்டவர் இருபதுமுகியை எறிந்து குறித்த எண்ணையோ அதற்கு மேலோ பெற்றால் தப்பலாம். அல்லது பாதிப்பு குறையலாம். வெளிவாயில், ஒரு சிலருக்கு மட்டுமே உள்ள 'மந்திர எதிர்ப்பு'. அது மந்திரத்தை உள்வாயில் வரை வரவே விடாது.

இரண்டு வாயில்களும் சேர்ந்தால் என்னவாகும்? மந்திர எதிர்ப்பு 75%, காப்பு எறிதலில் தப்பும் வாய்ப்பு 75% என்று கொள்வோம். மந்திரம் முழுமையாகப் பலிக்க வேண்டுமானால் இரண்டையும் தாண்ட வேண்டும். 1/4 × 1/4 = 1/16. பதினாறு மந்திரங்களில் சராசரியாக ஒன்றுதான் முழுப் பலன் தரும். இவ்வளவு பலத்தை ஒருவருக்குக் கொடுப்பது நியாயமா என்ற வினா இங்கேதான் பிறக்கிறது.

முதல் விடை: சதவீதம்

1977இல் வெளிவந்த 'மொன்ஸ்டர் மெனுவல்' என்ற நூலில் மந்திர எதிர்ப்பு ஒரு சதவீதமாக எழுதப்பட்டது. 'பேலர்' எனும் கற்பனைத் தீப்பேய்க்கு அது 75%. ஆனால் அந்த 75% எல்லோருக்கும் ஒன்றல்ல. 11ஆம் மட்ட மந்திரவாதி ஒருவரை அளவுகோலாகக் கொண்டு எழுதப்பட்ட எண் அது. மந்திரவாதி 11க்கு மேல் உயரும் ஒவ்வொரு மட்டத்துக்கும் எதிர்ப்பு 5% குறையும். 11க்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு மட்டத்துக்கும் 5% கூடும். எனவே 16ஆம் மட்டத்தவர் முன் 75% என்பது 50% ஆகிவிடும். 20ஆம் மட்டத்தவர் முன் 30%தான். 6ஆம் மட்டத்தவருக்கோ அது 100%. அவர் எத்தனை தடவை முயன்றாலும் பயனில்லை.

கணக்குச் சரி, ஆனால் மேசையில் அமர்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு மந்திரத்துக்கும் கூட்டிக் கழிக்க வேண்டியிருந்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு இந்தத் திருத்தத்தை நீக்கிவிட்டது. 50% என்றால் யார் எறிந்தாலும் 50%. இலகுவாகிவிட்டது, நியாயமோ குறைந்துவிட்டது. நேற்றுத்தான் மந்திரம் படிக்கத் தொடங்கிய மாணவருக்கும், வாழ்நாள் முழுவதும் அதைக் கற்ற 20ஆம் மட்ட ஆசானுக்கும் ஒரே வாய்ப்பு. கற்றலுக்கு அந்த வாயிலில் ஒரு மதிப்பும் இல்லை. பரீட்சைக்குப் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் நாணயம் சுண்டிப் புள்ளி போட்டால் எப்படியிருக்கும்? அது போலத்தான் இதுவும்.

இரண்டாம் விடை: ஒப்பீடு

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு சதவீதத்தைக் கைவிட்டது. எதிர்ப்பு என்பது இப்போது ஒரு இலக்கு எண். மந்திரம் செய்பவர் இருபதுமுகியை எறிந்து, தமது மட்டத்தை அதனுடன் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை இலக்கை எட்டினால் மந்திரம் உள்ளே செல்லும்.

இப்பதிப்பில் துறவி எனும் பாத்திரம் 13ஆம் மட்டத்தை அடையும்போது மந்திர எதிர்ப்பைப் பெறுகிறது. அதன் அளவு: துறவியின் மட்டம் + 10. ஆகவே 13ஆம் மட்டத் துறவியின் எதிர்ப்பு 23. அவரை 13ஆம் மட்ட மந்திரவாதி தாக்கினால் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 10 முதல் 20 வரை 11 முகங்கள்; 11/20 = 55%. இருவரும் 20ஆம் மட்டத்தவர் என்றாலும் தேவைப்படும் எண் அதே 10தான். சமமானவர்களுக்கிடையே வாய்ப்பு மாறுவதில்லை. மந்திரவாதி 4 மட்டங்கள் தாழ்ந்தவரானால் 14 வேண்டும், வாய்ப்பு 35%. 4 மட்டங்கள் உயர்ந்தவரானால் 6 போதும், வாய்ப்பு 75%.

ஒரு மட்டத்துக்கு எவ்வளவு மாற்றம் என்று பாருங்கள். சரியாக 5%. அதாவது 1977இல் கையால் கூட்டிக் கழித்த அதே 5% இப்போது இருபதுமுகியின் ஒரு முகமாக உருமாறி வந்திருக்கிறது. ஒருவர் அட்டவணையில் செய்ததை இன்னொருவர் திண்மத்தின் வடிவத்திலேயே அடக்கிவிட்டார். கணிதத்தில் எனக்குப் பிடித்ததே இப்படிப்பட்ட இடங்கள்தான்.

கவசத்தின் மறுபக்கம்

இவ்விதியில் பலர் கவனிக்காத ஒரு பகுதி இருக்கிறது. எதிர்ப்புச் சக்திக்கு நண்பர் யார், எதிரி யார் என்று தெரியாது. தோழர் ஒருவர் குணப்படுத்தும் மந்திரத்தைச் செய்தாலும் அதே வெளிவாயில் அதனையும் மறிக்கும். தோழரும் இருபதுமுகியை எறிந்து இலக்கை எட்டியாக வேண்டும்.

துறவி விரும்பினால் தமது எதிர்ப்பைத் தாழ்த்தலாம். ஆனால் அதற்கு அவரது முறையில் ஒரு முழுச் செயல் செலவாகும். தாழ்த்தினால் அடுத்த முறை வரும் வரை அது தாழ்ந்தே இருக்கும். மருந்து வர வாயிலைத் திறந்தால் எதிரியின் மந்திரமும் அதே வாயிலால் வரலாம். அதைவிடக் கொடுமையான சந்தர்ப்பம், துறவி மயங்கி வீழ்வது. மயங்கியவரால் எதையும் தாழ்த்த முடியாது. அவரது உயிர் போய்க்கொண்டிருக்கிறது. சம மட்டத்திலுள்ள தோழர் ஓடி வந்து கை வைக்கிறார். அம்முயற்சி வீணாவதற்கான நிகழ்தகவு 45%. இரண்டு தடவைகள் தொடர்ந்து வீணாவதற்கான நிகழ்தகவு 0.45 × 0.45, அதாவது 20.25%. ஐந்தில் ஒன்று! அவரை இவ்வளவு காலமும் காத்த கவசமே அவரைக் காப்பாற்ற வந்த கையைத் தட்டிவிடுகிறது.

இது வெறும் கற்பனை அல்ல. எமது உடலிலும் இதுவே நடக்கிறது. சிறுநீரகம் மாற்றப்பட்ட ஒருவரின் நோயெதிர்ப்புத் தொகுதி, உயிர் காக்க வந்த அந்த உறுப்பையே அந்நியன் எனக் கருதித் தாக்குகிறது. அதனால் எதிர்ப்பைத் தாழ்த்தும் மருந்துகளை வைத்தியர்கள் கொடுக்கிறார்கள். எதிர்ப்புத் தாழ்ந்திருக்கும்போது கிருமிகளும் இலகுவாகத் தொற்றும். எனவே நோயாளி மிகுந்த கவனத்துடன் இருக்க வேண்டும். வாயிலைத் திறந்தால் இரண்டும் வரும் என்ற அதே சிக்கல்தான்.

மூன்றாம் விடை: இரண்டு தடவை எறிதல்

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு வெளிவாயிலையே அகற்றிவிட்டது. மந்திர எதிர்ப்பு உள்ளவர் காப்பு எறிதலின்போது இருபதுமுகியை இரண்டு தடவை எறிந்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். குணப்படுத்தும் மந்திரத்துக்குக் காப்பு எறிதலே கிடையாது. ஆகவே மருந்து தடையின்றி உள்ளே செல்லும். பழைய சிக்கல் தீர்ந்தது.

இதனால் கிடைக்கும் இலாபம் எவ்வளவு? ஒரு தடவை எறிந்தால் தப்பும் நிகழ்தகவு ப என்று கொள்வோம். இரண்டு தடவையும் தோற்பதற்கான நிகழ்தகவு (1 − ப)². எனவே தப்பும் நிகழ்தகவு 1 − (1 − ப)². இதிலிருந்து பழைய ப−வைக் கழித்தால் மிஞ்சும் இலாபம் ப(1 − ப). இதனை வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் ப = 1/2 இல் உயர்வு; அப்போது இலாபம் 1/4, அதாவது 25%. 50% ஆக இருந்த வாய்ப்பு 75% ஆகிறது. ஆனால் 5% ஆக இருந்தது 9.75% தான் ஆகும். 95% ஆக இருந்தது 99.75% ஆகும். நடுவில் இருப்பவருக்கு நிறைய உதவி. மிகவும் பலவீனமானவருக்கோ மிகக் குறைவு.

உயர்மட்டத்தில் இந்தப் பலவீனம் பெரிய விடயம். பழைய பதிப்புகளில் காப்பு எறிதலின் இலக்கு, தாக்கப்பட்டவரின் மட்டத்தையே பொறுத்தது. 1ஆம் மட்டப் போர்வீரர் மந்திரத்திலிருந்து தப்ப 17 வேண்டும். 17ஆம் மட்டப் போர்வீரருக்கு 6 போதும், அதாவது 75%. வயதும் அனுபவமும் அவரைக் காத்தன. ஐந்தாம் பதிப்பிலோ இலக்கை நிர்ணயிப்பது தாக்குபவரின் திறமை. 17ஆம் மட்ட மந்திரவாதி ஒருவரின் இலக்கு எண் 19 வரை செல்வது வழமை. போர்வீரருக்கு மன உறுதியில் தனிப் பயிற்சி இல்லையென்றால் அவரது எறிதலில் கூட்ட ஒன்றுமில்லை. 19 அல்லது 20 விழ வேண்டும். 10%! தோற்ற எறிதலை மீண்டும் எறியும் வாய்ப்புகள் சில அவருக்கு உண்டு. ஆனால் அந்த எறிதலிலும் அதே 10% தான். மந்திர எதிர்ப்பு இருந்தாலும் 10% என்பது 19% ஆகுமே தவிர அதற்கு மேல் போகாது.

வளர்ந்த டிராகன் போன்ற பெரும் எதிரிகளுக்கு மட்டும் இப்பதிப்பு இன்னொரு வழி வைத்திருக்கிறது. காப்பு எறிதலில் தோற்றாலும் வென்றதாகக் கொள்ளும் உரிமை நாளொன்றுக்கு 3 தடவை. அது தீரும் வரை மற்றவர்கள் பொறுமையாக முயன்றுகொண்டே இருக்க வேண்டும். முயற்சி தோற்றாலும் அது வீண் அல்ல; மூன்றில் ஒன்றைக் குறைத்திருக்கிறது. ஆனால் இந்த உரிமை எமது போர்வீரருக்குக் கிடையாது. அப்படியானால் அவரை யார் காப்பது?

பக்கத்தில் நிற்பவர்

விடை, அவரது கவசத்தில் இல்லை. அவருக்குப் பக்கத்தில் நிற்பவரிடம் இருக்கிறது. 'பலடின்' எனும் பாத்திரம், சத்தியம் செய்து அதன்படி வாழும் வீரர். 6ஆம் மட்டம் முதல், தம்மிலிருந்து 10 அடி தூரத்துக்குள் நிற்கும் தோழர்கள் அனைவரின் காப்பு எறிதல்களுக்கும் அவர் தமது ஆளுமையின் மதிப்பைச் சேர்த்துக் கொடுக்கிறார். 18ஆம் மட்டத்தில் அந்த வட்டம் 30 அடியாகிறது. ஆளுமை உச்சத்தை எட்டிய பலடின் கொடுப்பது +5. அவர் விழிப்புடன் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

19 தேவைப்பட்ட போர்வீரருக்கு இப்போது 14 போதும். வாய்ப்பு 10% இலிருந்து 35% ஆகிறது. தனக்கே உரிய மந்திர எதிர்ப்புக் கொடுத்தது 9% இலாபம்; பக்கத்தில் நின்றவர் கொடுத்தது 25%.

இது தற்செயலா என்று தாளில் செய்து பார்த்தேன். தற்செயல் அல்ல. +5 என்பது இருபதுமுகியில் 5 முகங்கள், அதாவது 1/4. இரண்டு தடவை எறிவதன் இலாபமான ப(1 − ப) ஒருபோதும் 1/4 ஐத் தாண்டாது என்பதை மேலே கண்டோம். ப ஏற்கெனவே 3/4 ஐ விடக் கூடுதலாக இருந்தால் +5 ஆல் கிடைக்கும் இலாபம் மீதமுள்ள (1 − ப) ஆகும். ப என்பது 1 ஐ விடப் பெரிதாகாததால், ப(1 − ப) அந்த (1 − ப) ஐயும் தாண்டாது. ஆகவே தப்புவதற்கு ஒரு முகமாவது இருக்கும் எவருக்கும், தோழர் தரும் +5 சொந்த மந்திர எதிர்ப்பைவிடக் குறைந்ததாக அமைவதே இல்லை. இரண்டும் சேர்ந்திருந்தால் எமது போர்வீரரின் வாய்ப்பு 57.75% ஆகும், அவர் பாதிக்கு மேல் பாதுகாப்பாகிவிடுகிறார்.

சதவீதச் சுவரில் தொடங்கியவர்கள், கற்றவருக்கும் கல்லாதவருக்கும் வேறுபாடு வேண்டும் என்று ஒப்பீட்டுக்கு வந்தார்கள். அக்கவசம் மருந்தையும் தடுப்பதைக் கண்டு, இரண்டாவது வாய்ப்பாக அதை மாற்றினார்கள். அதற்கும் எட்டாத இடத்தில் ஒரு தோழரை நிறுத்தினார்கள். இக்கதையில் மந்திரங்கள் எல்லாம் கற்பனை. நிகழ்தகவுகள் மட்டும் உண்மை.

மாணவிகளுக்கு ஒரு பயிற்சி: பலடின் தருவது +5 அல்ல, +3 மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ப பெறுமானங்களுக்கு இரண்டு தடவை எறிவது சிறந்தது? எந்தப் பெறுமானங்களுக்குத் தோழரின் பக்கத்தில் நிற்பது சிறந்தது? ஓர் இருபடிச் சமனிலி வரும். தீர்த்துப் பார்த்தால், மிகவும் பலவீனமானவர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை அதுவே சொல்லும்.